போதையில் சிக்கிய பிள்ளையை எங்கே கூட்டிப்போவது? அரசு மருத்துவமனை, தனியார் டாக்டர், மறுவாழ்வு இல்லம்: ஓர் ஒப்பீடு

முதலிலேயே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளை கஞ்சாவிலோ மாத்திரையிலோ குடியிலோ மாட்டிக்கொண்டால், முதலில் போக வேண்டிய இடம் மனநல மருத்துவரின் ஓ.பி. மூன்று மாதம் அடைத்துவைக்கும் இல்லம் அல்ல. நம் ஊரில் நடப்பது பெரும்பாலும் தலைகீழ். பையில் பொட்டலம் சிக்கிய அன்று வீட்டில் அடியும் அழுகையும். அடுத்த வாரமே சொந்தக்காரர் ஒருவர், "எனக்குத் தெரிஞ்ச சென்டர் இருக்கு, மூணு மாசம் போட்டுடு, சரியாயிடும்" என்று போன் நம்பர் தருவார். டாக்டர் அந்தக் கதையில் கடைசியில்தான் வருகிறார். சில சமயம் வருவதே இல்லை.

இடத்தைத் தேடும் முன் பிள்ளை எந்தப் பொருளை எடுக்கிறான் என்று தெரிய வேண்டும். ஏனென்றால் மருத்துவமனையில் சேர்க்க வேண்டுமா இல்லையா என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதைத் தாண்டினாலும் மூன்றாம், நான்காம் நாளில் நடுக்கம் முற்றி, யார் என்ன என்று தெரியாமல் பிதற்றி, உயிருக்கே ஆபத்தாகலாம். இவருக்கு டாக்டரும் நர்ஸும் இருக்கிற வார்டு கட்டாயம். டேபென்டடால் போன்ற வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொண்ட பையன்களுக்கு உடம்பு முறுக்கும், வயிற்றுப்போக்கு, தூக்கமே வராது. உயிர் போவது அபூர்வம், ஆனால் தாங்க முடியாமல் மறுபடியும் மாத்திரையைத் தேடி ஓடுவார்கள். இவர்களுக்குப் புப்ரெநார்பின் என்ற நல்ல மருந்து இருக்கிறது, மருத்துவ மேற்பார்வையில் மட்டும் தருவார்கள். கஞ்சாவை நிறுத்தினால் ஒன்றிரண்டு வாரம் எரிச்சல், பசியின்மை, கண்ட கண்ட கனவுகள். அதற்கென்று தனி மாத்திரை எதுவும் கிடையாது, பேசித் தீர்க்கும் சிகிச்சைதான் முக்கியம். இப்படி மூன்று விதமாக இருப்பவர்களை ஒரே ஹாலில் படுக்கவைத்து ஒரே அட்டவணையில் ஓட்டுவதில் மருத்துவ நியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இதைவிட முக்கியமான விஷயம், இளம் வயதில் போதை தனியாக வருவது குறைவு. பின்னால் மனச்சோர்வு இருக்கும், பதற்றம் இருக்கும், சின்ன வயதிலிருந்தே ஓரிடத்தில் உட்கார முடியாத கவனக் குறைபாடு இருக்கும். சிலருக்குக் காதில் குரல் கேட்பது போன்ற தீவிர மனநோயின் தொடக்கமாகவும் இருக்கும், கஞ்சா அதைக் கிளப்பிவிடும். போதையை மட்டும் பார்த்துவிட்டு இதை விட்டுவிட்டால், வெளியே வந்த பிள்ளை பழைய இடத்துக்கே போவான்.

என் அக்கா மகனுக்காக நாங்கள் முதலில் விசாரிக்கப் போனது ஓர் இல்லத்துக்கு. பெயர் வேண்டாம். அங்கே இருந்தவர் எங்களிடம் கேட்டவை: வயசு என்ன, பணம் யார் கட்டுவார்கள், ஆள் தானாக வருவானா அல்லது வண்டி அனுப்ப வேண்டுமா. அவ்வளவுதான். பிறகு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனோம். ஓ.பி. சீட்டு வாங்கி, நீளமான பெஞ்சில் காத்திருந்தோம். தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று அக்கா முந்தானையைத் தலைவரை இழுத்துவிட்டுக்கொண்டு, சீட்டை மடித்துக் கையில் மூடிவைத்திருந்தாள். உள்ளே முதுகலை படிக்கும் இளம் டாக்டர் ஒருவர், எங்களை வெளியே அனுப்பிவிட்டுப் பையனிடம் தனியாகப் பேசினார். அவர் முதலில் கேட்டது கஞ்சாவைப் பற்றி அல்லவாம். "தூக்கம் எப்போலேர்ந்து சரியில்ல?" என்று கேட்டாராம். பிளஸ் ஒன் படிக்கும்போதிருந்தே என்று சொல்லியிருக்கிறான். கஞ்சாவைத் தொடுவதற்கு வெகு முன்னால் அது. வீட்டில் யாருக்கும் தெரியாது.

அரசு மருத்துவமனையின் பலம் இதுதான். வலிப்பு வந்தால் பார்க்க மருத்துவ வார்டு பக்கத்திலேயே இருக்கிறது, ரத்தப் பரிசோதனை இருக்கிறது, மருந்து இலவசம், போதையையும் மனநிலையையும் ஒரே இடத்தில் பார்க்கிறார்கள். அரசு மருத்துவக் கல்லூரிகளில் மனநலத் துறை இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டம் தாலுகா மருத்துவமனைகள் வரை போகிறது. 2025-ல் கலங்கரை என்ற பெயரில் ஒருங்கிணைந்த போதை மீட்பு மையங்களையும் தமிழக அரசு தொடங்கியிருக்கிறது. பலவீனமும் சொல்ல வேண்டும். கூட்டம் அதிகம், ஒவ்வொரு முறையும் வேறு டாக்டர், முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். ஓ.பி. காலையில்தான் என்பதால் கல்லூரிக்கு லீவு போட வேண்டும். கவுன்சலிங்குக்கு அரை மணி நேரம் கிடைத்தால் பெரிய விஷயம்.

அந்த அரை மணி நேரத்தைத்தான் தனியார் கிளினிக்கில் காசு கொடுத்து வாங்குகிறோம். மாலையில் போகலாம், ஒரே டாக்டர், வாரா வாரம் உளவியலாளரிடம் உட்காரலாம். வசதியிருந்தால் கஞ்சா, பதற்றம், தூக்கமின்மை போன்றவற்றுக்கு இதுவே போதும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: கவுன்சலர் என்று பலகை போட்டவர் எல்லாரும் மருந்து எழுத முடியாது, மனநோயைக் கண்டுபிடிக்கப் பயிற்சி பெற்றவர்களும் அல்ல. முதல் மதிப்பீட்டை மனநல மருத்துவரிடம் செய்துகொண்டு அப்புறம் கவுன்சலிங்குக்குப் போவது நல்லது.

சரி, இல்லங்களே தேவையில்லையா? தேவைதான். தினமும் குடித்து, பலமுறை நிறுத்திப் பார்த்து முடியாதவர்களுக்கும், வீட்டிலேயே அப்பாவும் குடிப்பவர்களுக்கும், தெருவில் இறங்கினாலே பொட்டலம் கிடைக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கும் கொஞ்ச காலம் வெளியே தங்கிச் சிகிச்சை எடுப்பது உதவும். இல்லத்துக்கும் இல்லத்துக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருப்பதுதான் சிக்கல். சென்னை இந்திரா நகரில் இருக்கும் டி.டி.கே. மருத்துவமனையை ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். கணவர் ரங்கநாதனைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கியது. 1992-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அங்கே முதலில் உடம்பிலிருந்து போதையை இறக்கும் மருத்துவம், அப்புறம் சில வாரம் உளவியல் சிகிச்சை, கூடவே குடும்பத்தாருக்கும் தனிச் சிகிச்சை. மொத்தம் ஏறக்குறைய ஒரு மாதம். குடும்பத்தை உள்ளே விடவே மாட்டோம், ஒரு மாதத்துக்குப் போன்கூடப் பேசக் கூடாது என்று சொல்லும் இடங்களை இதனோடு வைத்துப் பாருங்கள்.

சட்டமும் இந்த விஷயத்தில் பெற்றோர் நினைப்பதைவிடக் கண்டிப்பானது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் மது, போதைப் பழக்கத்தோடு வரும் மனநிலைகளும் மனநோய்தான். 18 வயது ஆகாத ஒருவரை உள்ளே சேர்ப்பது விதிவிலக்கான நிலைமையில் மட்டும்தான். மனநல மருத்துவர் உட்பட இரண்டு பேர், முந்தைய ஏழு நாளுக்குள் தனித்தனியாகப் பார்த்திருக்க வேண்டும். வெளியிலிருந்து தரும் சிகிச்சை பலிக்கவில்லை அல்லது பொருந்தாது என்று அவர்கள் சொல்ல வேண்டும். பெரியவர்களிடமிருந்து தனி இடம் தர வேண்டும். பெற்றோரோ அவர்கள் இடத்தில் இருப்பவரோ முழு நேரமும் உடன் தங்க வேண்டும். வயது வந்தவரைக்கூட அவர் விருப்பமில்லாமல் 30 நாளுக்கு மேல் வைத்திருக்க, மறுபடி மருத்துவப் பரிசோதனையும் மனநல மறுஆய்வு வாரியத்தின் அனுமதியும் வேண்டும். சங்கிலியில் கட்டுவதற்கு எந்தச் சூழ்நிலையிலும் அனுமதி இல்லை. ஆகவே, 16 வயதுப் பையனை "விட்டுட்டுப் போங்க, மூணு மாசம் கழிச்சு வாங்க" என்று யார் சொன்னாலும் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். மனநல மருத்துவர் எந்தெந்த நாளில் வருகிறார், ராத்திரியில் நர்ஸ் இருக்கிறாரா என்று கேளுங்கள். படுக்கும் அறையை நேரில் பாருங்கள்.

போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்ற பயத்தில் மருத்துவமனைக்கே போகாத குடும்பங்கள் உண்டு. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்டவர் தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அங்கீகரித்த நிறுவனத்திலோ முழுமையாகச் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. சிறிய அளவைத் தாண்டிய வழக்குகளுக்கு இது பொருந்தாது.

எங்கே சிகிச்சை எடுத்தாலும் திரும்பி வந்த முதல் சில வாரங்களை யார் கவனிப்பார்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. கொஞ்ச நாள் நிறுத்தியதில் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும். பழைய அளவையே மறுபடி ஏற்றினால் மூச்சு நின்றுவிடலாம். "குணமாக்கி அனுப்பிவிட்டோம்" என்று கணக்கை முடிக்கும் இடத்தைவிட, அடுத்த ஓ.பி. தேதியை எழுதிக் கொடுத்து அனுப்பும் இடம் எனக்கு எவ்வளவோ மேல். குடிக்கு ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற, குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் கூட்டங்கள் இலவசமாக நடக்கின்றன. ஆனால் பெரும்பாலும் வயதில் மூத்தவர்கள் இருக்கும் இடம் என்பதால் 18 வயதுக்காரன் அங்கே ஒட்டுவது கஷ்டம்.

பிள்ளை வரவே மாட்டேன் என்கிறானா? வண்டி அனுப்பித் தூக்கிப்போகச் சொல்லாதீர்கள். தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் மருந்து என்று விளம்பரம் வருகிறதே, அதையும் வாங்காதீர்கள். குடியை நிறுத்தத் தரும் டைசல்ஃபிரம் மாதிரி மாத்திரை உள்ளே இருப்பது தெரியாமல் ஒருவர் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து ஆபத்தாகலாம். அவனில்லாமல் பெற்றோர் மட்டும் ஓ.பி.க்குப் போய்ப் பேசலாம். அதுவும் முடியாவிட்டால் 14416-க்கு அழையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய இலவச மனநல உதவி எண் அது, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், வீட்டார் அழைத்தாலும் பேசுவார்கள். போதைக்கென்றே 14446 இருக்கிறது. போனில் சிகிச்சை முடிந்துவிடாது. ஆனால் உங்கள் மாவட்டத்தில் எந்த மருத்துவமனைக்குப் போகலாம், மறுக்கும் பிள்ளையிடம் இன்று ராத்திரி என்ன பேசலாம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.