மண்டபம் ஐஸ் பிளாண்டில் பராமரிப்பு ஆள் திட்டம்: சில வருட அனுபவம்

மண்டபத்தில் நான் பொறுப்பில் இருக்கும் ஐஸ் பிளாண்டில், கரண்ட் செலவைக் குறைக்க உயர்திறன் மோட்டாரும் கூலிங் டவர் ஃபேனுக்கு வி.எஃப்.டி.யும் (வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) போட்டோம். அதோடு சேர்த்துப் பராமரிப்புக்கு எப்போது, எத்தனை பேர் வேண்டும் என்று முன்கூட்டியே திட்டம் போடவும் ஆரம்பித்தோம். சில வருடம் ஓட்டிப் பார்த்த பிறகு சொல்கிறேன், பில் குறைந்ததில் ஆள் திட்டத்துக்குத்தான் பெரிய பங்கு.

எங்கள் கரையில் போர் தண்ணீர் உப்பு. அமோனியா வாயுவைக் குளிரவைத்துத் திரவமாக்கும் கண்டன்சரின் குழாயில் சீக்கிரமே படிவு கட்டிவிடும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் வி.எஃப்.டி. பேனலுக்குள்ளும் உப்பு படியும். கண்டன்சர் வெப்பநிலை 1 டிகிரி ஏறினாலே கம்ப்ரசருக்கு ஏறத்தாழ 2 முதல் 3 சதவீதம் கரண்ட் கூடுதலாகப் போகும். ஃபேனை 80 சதவீத வேகத்தில் ஓட்டினால் அதற்குப் பாதி மின்சாரம் போதும். ஆனால் படிவு கட்டிய கண்டன்சரை வைத்துக்கொண்டு வேகத்தைக் குறைக்கவே முடியாது.

அதனால் ஃபிட்டரின் வேலை நாளைப் படகுகளை வைத்து முடிவு செய்கிறோம். விசைப்படகுகள் கிளம்புவதற்கு முன் ஐஸ் ஏற்றும் நேரத்தில் எந்த மெஷினையும் பிரிப்பதில்லை. படகுகள் கடலில் இருக்கும்போதுதான் கூலிங் டவர் கழுவுவது, பேனல் துடைப்பது, அமோனியா லைனில் ஆயில் வடிப்பது எல்லாம். ஆயில் வடிக்க எப்போதும் இரண்டு பேர், அமோனியாவுக்கான கேஸ் மாஸ்க்கோடு. ஆள் குறைவு என்று இதில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது.

மீன்பிடித் தடைக்காலம்தான் முக்கியம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். வருமானம் இல்லையே என்று ஆபரேட்டர்களை வீட்டுக்கு அனுப்பினால், நல்ல ஆள் கேரளாவுக்குப் போய்விடுவார். அங்கே டிராலிங் தடை ஜூனில்தான் தொடங்கும், ஏப்ரல், மே முழுக்க வேலை இருக்கும். போனவர் திரும்பி வருவார் என்று எதிர்பார்க்க முடியாது. நாங்கள் முழுச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்கிறோம். படிவு எடுப்பது, பிரைன் டேங்க் (ஐஸ் உறைய வைக்கும் உப்புத் தண்ணீர்த் தொட்டி) இன்சுலேஷன் பார்ப்பது எல்லாம் அவர்களே செய்கிறார்கள். கண்டன்சரைத் தன் கையால் திறந்து சுத்தம் செய்தவருக்கு, அப்புறம் கேஜ் முள் எதற்கு ஏறுகிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கண்டன்சர் 35 டிகிரியில் இருந்தால் அமோனியா அழுத்தம் சுமார் 12.5 பார் காட்ட வேண்டும். அதைவிட நன்றாக ஏறி நின்றால் உள்ளே காற்று புகுந்திருக்கிறது, பர்ஜ் செய்ய (அந்தக் காற்றை வெளியேற்ற) வேண்டும் என்று அவர்களே சொல்கிறார்கள்.

கம்ப்ரசர் ஓவர்ஹாலுக்கு மட்டும் வெளி ஃபிட்டர். இந்தக் கரையில் எல்லா பிளாண்டும் அதே இரண்டு மாதத்தில்தான் பிரிப்பார்கள், அதனால் பொங்கலுக்கே தேதி வாங்கிவிட வேண்டும்.

குறை என்றால் தடைக்காலச் சம்பளம்தான். நிஜமாகவே பாரம். வருடாந்திர ஒப்பந்தம் போட்ட நிறுவனமும் ரிப்பேருக்கு மட்டுமே வருகிறது, யூனிட் ஏறுவதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. சின்ன பிளாண்ட் வைத்திருப்பவர்கள் பக்கத்துப் பிளாண்டோடு சேர்ந்து ஒரு ஃபிட்டரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டு இடத்துக்கும் ஐஸ் ஏற்றும் நாள் ஒன்றுதான் என்பதால், அவர் எந்த நாளில் எங்கே என்பதை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.