நாய்க்கு வயிறு வீங்கினால் என் மாதிரி ஏமாந்துவிடாதீர்கள், 11,500 ரூபாய் போச்சு

இன்று காலையும் அந்தக் கடைக்குப் போய்விட்டுத்தான் வருகிறேன், ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். பெயர் போடவில்லை. மதுரை பைபாஸ் பக்கம், முன்னால் நாய்த் தீனியும் பெல்ட்டும் விற்று, பின்னால் தடுப்புக்குள் வைத்தியமும் பார்க்கிற கடை.

கருப்பனுக்கு 9 வயது. முதுகெலும்பை எண்ணலாம், வயிறு மட்டும் பானை. அங்கே இருந்தவர் அவனை மேஜையில் நிறுத்தி, என் உள்ளங்கையை வயிற்றின் ஒரு பக்கம் வைக்கச் சொல்லி, மறுபக்கம் விரலால் சுண்டினார். குடத்துத் தண்ணீர் தளும்புகிற மாதிரி ஒரு அலை வந்து கையில் மோதியது. "தண்ணி கட்டியிருக்குக்கா. மூணு தடவை எடுத்துட்டு ஈரல் டானிக் குடுத்தா ஓடியாடுவான்." அந்த அலையில்தான் விழுந்தேன். 11,500 ரூபாயையும் மொத்தமாக ஜிபேயில் போட்டுவிட்டேன். ரத்தம் எடுக்கவில்லை, ஸ்கேன் இல்லை, நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்கூட வைக்கவில்லை, இதெல்லாம் இப்போதுதான் உறைக்கிறது.

அன்றைக்கே ஊசி குத்தி அரை வாளி எடுத்தார். இறக்கிவிட்டால் கருப்பனுக்குக் கால் பின்னுகிறது. ஐந்தாம் நாள் வயிறு பழையபடி. போன் போட்டால் "சார் வெளியூர்". நேரில் போனால் "நாளைக்கு வாங்கக்கா". அப்புறம் "நீங்க சோத்துல உப்பு போட்டிருப்பீங்க". இன்று பில் கேட்டதற்குக் கவுண்டர் பையன் சிரிக்கிறான், "வயசான நாய்க்கு இவ்வளவு பாத்ததே பெருசுக்கா". 11,500 ரூபாய்டா தம்பி!

இதற்கிடையே வேறு டாக்டரிடம் காட்டினோம். ஸ்கேனில் ஈரல் சுருங்கியிருக்கிறது, ரத்தத்தில் ஆல்புமின் என்கிற புரதம் 1.4தான், ரொம்பக் குறைவு. "ஈரலா, இதயமா, சிறுநீர்ல புரதம் போகுதா, கட்டியான்னு பாக்காம தண்ணியை எடுத்தா திரும்பச் சேரத்தான்மா செய்யும்" என்றார். எடுக்கிற நீரோடு புரதமும் போய்விடுமாம், ஒரேயடியாக நிறைய எடுத்தால் ரத்த அழுத்தம் விழுமாம், மூச்சு வாங்கினால் மட்டும் கொஞ்சம் எடுப்பார்களாம். இப்போது தேங்கிய நீரைச் சிறுநீராக இறக்குகிற மாத்திரைகள் (ஸ்பைரோனோலாக்டோன், ஃப்ருசமைடு), உப்பில்லாத சோறு. தையல் டேப்பால் வயிற்றை அளந்து காலண்டரில் எழுதுகிறேன்.

விரிவாக யோசனை சொல்லலாம் என்று உட்கார்ந்தேன், மாத்திரை நேரம் வந்துவிட்டது. ஸ்கேனும் ரத்தமும் பார்க்காமல் தண்ணீர் எடுக்க விடாதீர்கள். என்னிடம் வாங்கிய மாதிரி எல்லாத் தடவைக்கும் சேர்த்து பேக்கேஜ் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். டாக்டரின் பதிவு எண் கேளுங்கள், சீட்டும் பில்லும் இல்லாமல் காசு போடாதீர்கள். தல்லாகுளத்தில் அரசு கால்நடை மருத்துவமனை இருக்கிறது, அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை.

நேற்று 61 சென்டிமீட்டர், இன்று 60.