கோண்டா: இனிட்டா, ஹூக்கா?
பீளமேட்டு ஆபீசுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள், "ஏனுங்க, எதைப் போடறது?" என்று கேட்பார்கள்.

கோண்டா, பைத்தான் சூழல்களைத் தனித்தனியாக வைத்துக்கொள்ள உதவும் கருவி. அது தனி புரோகிராமாக ஓடுவதால், தன்னைக் கூப்பிட்ட ஷெல்லின் (டெர்மினலில் நம் கட்டளைகளை வாங்கி ஓட்டுவது) பாத்தை, அதாவது புரோகிராம்களைத் தேடும் ஃபோல்டர் பட்டியலை, மாற்ற அதால் முடியாது. ஷெல்லுக்குள்ளேயே ஒரு ஃபங்ஷன் வேண்டும்.

'கோண்டா இனிட்' அதற்கான வரிகளை பேஷ் ஷெல் திறக்கும்போது படிக்கும் பேஷ்ஆர்சி கோப்பில் எழுதிவிடும். ஒரு தடவை போட்டால் போதும், சரி. ஆனால் ஒவ்வொரு டெர்மினலும் திறக்கும்போது பைத்தான் ஒருமுறை ஓடும். பழைய லேப்டாப்பில் ப்ராம்ப்ட் வர இழுக்கும். கோண்டாவின் அடிப்படைச் சூழலான 'பேஸ்' சூழலும் வழக்கமாகத் தானே ஏறிக்கொள்ளும். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி சர்வரில், சிஸ்டம் பைத்தானை நம்பிய பில் ஸ்கிரிப்டைக் கையால் ஓட்டினேன். பேஸ் பைத்தான் முந்திக்கொண்டது. மாட்யூல் கிடைக்காமல் ஸ்கிரிப்ட் நின்றது.

அந்த ஃபங்ஷனை வரிகளாக அச்சிட்டுத் தரும் கோண்டா கட்டளைதான் ஹூக். அதை ஈவால் (வந்த வரிகளை அங்கேயே ஓட்டும் ஷெல் கட்டளை) கொண்டு வேண்டியபோது அந்த ஷெல்லில் மட்டும் ஏற்றலாம், கோப்பு அப்படியே இருக்கும். திருப்பூர் சம்பவத்துக்கு அப்புறம் சர்வரில் எனக்கு ஹூக்தான், ஓர் அலியாஸாக (சுருக்கப் பெயராக).