பாரி/ஜிபி: உறவு இருந்தால் காட்டும், இல்லை என்று மட்டும் சொல்லாது

விஞ்சிய எண்களில் (முழு எண் கெழுக்கள் கொண்ட எந்தப் பல்லுறுப்புக்கோவைக்கும் மூலமாகாத, பை மாதிரியான எண்கள்) ஆர்வம் உள்ளவர்கள் கணினியில் எதை வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டால் நான் தயங்காமல் சொல்வது பாரி/ஜிபி. பிரான்சின் போர்தோவில் ஆன்ரி கோஹெனும் அவருடைய சகாக்களும் 1980-களில் தொடங்கிய மென்பொருள். இலவசம், மூல நிரலும் திறந்தே கிடக்கிறது. நிறுவ மனமில்லாதவர்கள் பிரவுசரிலேயே ஓட்டிப் பார்க்கலாம். எண் கோட்பாட்டில் இது செய்யாத வேலை குறைவு. ஆனால் நான் இதைத் திறப்பது பெரும்பாலும் ஒரே காரணத்துக்காக: மாடுலர் வடிவங்களின் (சிறப்பான சமச்சீர் கொண்ட ஒருவகைச் சார்புகள்) மதிப்புகளுக்குள் இயற்கணித உறவு, அதாவது அவற்றை இணைக்கும் முழு எண் கெழுப் பல்லுறுப்புக்கோவைச் சமன்பாடு, ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று துழாவ. அந்த வேலையை வைத்தே மதிப்பிடுகிறேன்.

ராமானுஜன் 1916-ல் வெளியிட்ட கட்டுரையில் பி, க்யூ, ஆர் என்று மூன்று தொடர்கள் வருகின்றன. பி = 1 − 24(எக்ஸ் + 3எக்ஸ்² + 4எக்ஸ்³ + …). அடைப்புக்குள் இருக்கும் கெழு ஒவ்வொன்றும் அந்த அடுக்கெண்ணின் வகுத்திகளைக் கூட்டினால் கிடைப்பது. க்யூவில் வகுத்திகளின் கனங்களைக் கூட்டி 240-ஆல் பெருக்க வேண்டும். ஆரில் ஐந்தாம் அடுக்குகளைக் கூட்டி −504-ஆல். வகுத்திகளின் அடுக்குகளைக் கூட்டித் தர பாரியில் சிக்மா என்ற கட்டளை தயாராக இருப்பதால் மூன்று தொடருக்கும் மூன்றே வரிதான். 2018-ல் வந்த 2.11 பதிப்பு முதல் மாடுலர் வடிவங்களுக்கென்று தனித் தொகுப்பும் உண்டு. இங்கே அது தேவையில்லை. கையால் எழுதினால்தான் உள்ளே என்ன நடக்கிறது என்று பிடிபடும்.

இப்போது எக்ஸுக்கு ஈ-யின் (2.718… என்ற எண்) −2பை அடுக்கைக் கொடுங்கள். ஒவ்வோர் உறுப்புக்கும் சுமார் 2.7 இலக்கம் சரியாகிக்கொண்டே வரும், ஆகவே 100 உறுப்பு போட்டால் 200 இலக்கத்துக்குத் தாராளம். பி 0.95492965… என்று வரும். பையால் பெருக்கினால் சரியாக 3. ஆர் பூஜ்யம். க்யூ 1.45576… என்று நிற்கும், பார்வைக்கு ஒன்றும் தெரியாது. லிண்டெப் என்ற கட்டளையின் அருமை இங்கேதான். கொடுத்த எண்களை முழு எண்களால் பெருக்கிக் கூட்டிப் பூஜ்யமாக்க முடியுமா என்று அது தேடும். க்யூ, 3, 2, பை, காமா(1/4) (காமா என்பது தொடர்பெருக்கத்தைப் பின்னங்களுக்கும் நீட்டிக்கும் சார்பு) ஐந்துக்கும் லாக் எடுத்துக் கொடுத்தால் 1, −1, 6, 6, −8 என்று வந்து விழும் (குறிகள் மொத்தமாகத் திரும்பியும் வரலாம்). அதாவது க்யூ என்பது காமா(1/4)-இன் எட்டாம் அடுக்கை மூன்றால் பெருக்கி, 2பை-யின் ஆறாம் அடுக்கால் வகுத்தது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத வரி இது.

இதன் முழு அழகும் கணிதவியலாளர் யூரி நெஸ்தெரென்கோ 1996-ல் வெளியிட்ட தேற்றத்தோடு சேர்த்துப் பார்க்கும்போது தெரியும். எக்ஸின் அளவு 0-க்கும் 1-க்கும் நடுவே எதுவாக இருந்தாலும் சரி, எக்ஸ், பி, க்யூ, ஆர் நான்கில் குறைந்தது மூன்று இயற்கணிதச் சார்பற்றவை, அதாவது அவற்றுக்குள் இயற்கணித உறவு எதுவும் இல்லை, என்கிறது அது. நம் எக்ஸில் ஆர் பூஜ்யம், அது கணக்கிலேயே வராது. அப்போது மிச்சம் மூன்றும் சார்பற்றவையாக இருந்தே தீர வேண்டும். அப்படியானால் பை, ஈ-யின் பை அடுக்கு, காமா(1/4) மூன்றையும் கட்டிப்போடும் முழு எண் கெழுக்கள் கொண்ட பல்லுறுப்புக்கோவை எதுவுமே கிடையாது. பையும் காமா(1/4)-உம் சார்பற்றவை என்று 1970-களிலேயே சுட்னோவ்ஸ்கி காட்டியிருந்தார். ஆனால் பையும் ஈ-யின் பை அடுக்கும் சேர்ந்து சார்பற்றவை என்பதே 1996-க்கு முன்னால் யாருக்கும் தெரியாது.

சரி, இந்த மூன்று எண்ணையும் பாரியிடம் கொடுத்தால் என்ன சொல்லும்? மூன்றையும் தங்களுக்குள் பெருக்கி மூன்றாம் படி வரை எடுத்தால் 20 உறுப்புகள் வரும். 200 இலக்கத்தில் லிண்டெப் ஓட்டினால் 'இல்லை' என்று வராது. சுமார் பத்து இலக்கக் கெழுக்களோடு ஒரு பதில் வரும், பார்க்க நிஜ உறவு மாதிரியே இருக்கும். 400 இலக்கத்துக்கு ஏற்றினால் கெழுக்கள் சுமார் இருபது இலக்கமாக நீளும். நிஜ உறவாக இருந்தால் துல்லியத்தை எவ்வளவு ஏற்றினாலும் அதே கெழுக்கள் நிற்கும். இது வெறும் இரைச்சல், துல்லியத்தோடு சேர்ந்து ஊதும். புதிதாக வருகிறவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். பதிலின் பக்கத்தில் 'இது நம்பத்தக்கதல்ல' என்று ஓர் எச்சரிக்கை வரி போட்டால் எவ்வளவோ பேருக்கு உதவியாக இருக்கும்.

இன்னொன்று, நீங்கள் கொடுத்த எண் எத்தனை இலக்கம் வரை சரி என்று அதற்குத் தெரியாது. துல்லியத்தை 400-க்கு ஏற்றிவிட்டுத் தொடரை 100 உறுப்போடு விட்டால், மேலே பார்த்த நிஜ உறவுகூடக் கண்ணுக்குத் தெரியாமல் போகும். துல்லியத்தை மாற்றும்போதெல்லாம் உறுப்பு எண்ணிக்கையையும் மாற்றுங்கள்.

குறைந்த துல்லியம் எப்படி ஏமாற்றும் என்று பார்க்க 163-இன் வர்க்கமூலத்தைப் பையால் பெருக்கி ஈ-யின் அடுக்காகப் போடுங்கள். 28 இலக்கம் காட்டச் சொன்னால் 262537412640768744.0000000000 என்று வரும், அச்சு அசல் முழு எண். 40 இலக்கத்தில் பார்த்தால் …743.99999999999925… என்று உண்மை வெளிப்படும். இந்த நெருக்கம் தற்செயல் இல்லை. ஜே என்ற மாடுலர் சார்பின் தொடரில் வரும் 744-உம், 640320-இன் கனமும் சேர்ந்து செய்த வேலை. நெஸ்தெரென்கோவின் தேற்றப்படி இந்த எண்ணும் பையும்கூடச் சார்பற்றவை.

நிரூபிக்கப்பட்டதற்கும் நிரூபிக்கப்படாததற்கும் பாரி காட்டும் இரைச்சலில் வித்தியாசம் தெரியாது என்பதையும் சொல்ல வேண்டும். காமா(1/4)-ஐ எடுத்துவிட்டு காமா(1/5)-ஐப் போட்டாலும் அதே மாதிரி நீளமான கெழுக்கள்தான். காமா(1/5) விஞ்சிய எண்தானா என்பதே இன்னும் நிரூபிக்கப்படவில்லை. இதைப் பாரியின் குறையாக நான் பார்க்கவில்லை, ஆனால் இதைப் புரிந்துகொள்ளாமல் லிண்டெப்பைத் தொடக் கூடாது.

மற்றபடி, வேகம் பிரமாதம். கறுப்புத் திரையில் கட்டளை அடிப்பது சிலருக்குப் பிடிக்காது. கேள்விக்குறியோடு கட்டளையின் பெயரை அடித்தால் சுருக்கமான உதவி வருவதால் சீக்கிரம் பழகிவிடும்.

நிறுவியதும் முதலில் இதைச் செய்து பாருங்கள்: 3-இன் வர்க்கமூலத்தைப் பையால் பெருக்கி, எதிர்க்குறி வைத்து ஈ-யின் அடுக்காக்கி, வந்த எண்ணுக்கு முன்னால் இன்னோர் எதிர்க்குறி போட்டு எக்ஸாகக் கொடுங்கள். இந்த முறை க்யூ பூஜ்யமாகும். ஆர், 3, 2, பை, காமா(1/3) ஐந்துக்கும் லாக் எடுத்து லிண்டெப்பிடம் விட்டால் 1, −3, 9, 12, −18 என்று வர வேண்டும்.