விண்டோஸ் மெஷின் இல்லாதவர்களுக்கு வின்-பில்டர்: எது பிடிபடும், எது நழுவும்

அலுவலகத்தில் மேக், சர்வரில் லினக்ஸ். சிங்கப்பூரில் புள்ளியியல் மொழியான ஆரில் பேக்கேஜ் எழுதி, அதன் பொதுக் களஞ்சியமான கிரானுக்கு அனுப்புகிறவரிடம் இது இரண்டும்தான் இருக்கிறது என்றால், ஜெர்மனியின் டார்ட்முண்டிலிருந்து இலவசமாக ஓடும், பேக்கேஜை விண்டோஸில் சோதித்துத் தரும் வின்-பில்டரைத் தவிர்க்கவே கூடாது.

வேலை எளிது. பேக்கேஜின் டார் கோப்பை இணையப் படிவத்தில் ஏற்ற வேண்டும். எஃப்டிபி (கோப்பு அனுப்பும் பழைய முறை) வழியும் உண்டு. ஆனால் அதை அடைத்துவைத்திருக்கும் அலுவலக நெட்வொர்க்குகள் அதிகம், படிவமே மேல். பழைய ஆர், தற்போதைய ஆர், ஆர்-டெவல் (உருவாகிக்கொண்டிருக்கும் அடுத்த ஆர்) என மூன்று வரிசைகள். கிரான் கேட்பது ஆர்-டெவல் சோதனை, அதில் தொடங்குங்கள். ஏற்றிவிட்டு டெக்காவில் ஒரு தே தாரிக் குடித்து வருவதற்குள் மின்னஞ்சல் வந்துவிடும், சுமார் அரை மணி நேரம். பேக்கேஜில் பராமரிப்பாளராகக் குறிப்பிட்ட முகவரிக்குத்தான் வரும். சுமார் 72 மணி நேரத்தில் முடிவுகள் அழிந்துவிடும், உடனே இறக்கி வையுங்கள்.

சோதனை லாக் 'முக்கியமான வார்னிங்' என்று ஓரிரு வரியோடு நிறுத்திக்கொள்ளும். முழு விவரம் 00இன்ஸ்டால்.அவுட் (00install.out) கோப்பில்.

பேக்கேஜுக்குள் சி மொழி நிரலும் இருந்தால், இதன் அருமை தெரிவது %எல்டி (%ld) விஷயத்தில், அதாவது லாங் என்ற முழு எண் டைப்பை அச்சிடும் குறியீட்டில். நீளமான வெக்டாரின் அளவை அச்சிட அதைப் போட்டிருப்பீர்கள். மேக்கிலும் லினக்ஸிலும் லாங் 64 பிட், வாயே திறக்காது. 64 பிட் விண்டோஸில் லாங் வெறும் 32 பிட். ஆனால் வெக்டார் நீளத்தின் டைப் 64 பிட். ஃபார்மட் வார்னிங் வந்து நிற்கும். லாங் என்று காஸ்ட் செய்தால் (டைப்பை மாற்றினால்) வார்னிங் போகும், பெரிய எண்ணின் பாதியும் போகும். டபுளாக (தசம எண் டைப்) மாற்றி %.0எஃப் (%.0f) என்று அச்சிடுவதே சரி. பிரக்மா (கம்பைலருக்கான கட்டளை வரி) போட்டு வார்னிங்கின் வாயை அடைக்கவும் வேண்டாம், சோதனை அதையும் தேடிப் பிடித்துக் குறிப்பிடும்.

குறை ஒன்று, பெரியதுதான். இங்கே ஓடுவது ஜிசிசி கம்பைலர் மட்டும். சி-யில் அடைப்புக்குறியை வெறுமையாக விட்டு ஃபங்ஷனை அறிவித்தால் கிளாங் என்ற இன்னொரு கம்பைலரின் புதிய பதிப்பு 'புரோட்டோடைப் இல்லை' என்று முறைக்கும். வின்-பில்டர் அதைக் கண்டுகொள்ளாமல் போகலாம். அடைப்புக்குறிக்குள் வாய்டு (void) என்று எழுதினால் தீர்ந்தது. இதைப் பிடிக்க ஆர் தளத்தின் மேக்-பில்டரையோ, கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் ஓடும் ஆர்-ஹப் சோதனைச் சேவையின் கிளாங் கன்டெய்னரையோ கூடவே ஓட்ட வேண்டும்.

ஐந்துக்கு நான்கு. அந்த ஒரு மதிப்பெண்ணை கிளாங் எடுத்துக்கொண்டது.