இரண்டு கார்களைக் காட்டி ஒன்றை என் தலையில் கட்டினார்கள்: பழைய ஸ்போர்ட்ஸ் கார் தேடுவோருக்கு ஓர் எச்சரிக்கை

பழைய பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை மட்டக்களப்பிலோ அம்பாறை மாவட்டத்திலோ வாங்க எண்ணியிருப்பவர்கள், ஒரே கொட்டகையில் இரண்டு கார்கள் அருகருகே நிறுத்தப்பட்டிருப்பதைக் கண்டால், விலை பேசுவதற்கு முன் இதை ஒருமுறை வாசித்துவிடுங்கள். எனக்கு நேர்ந்த நட்டம் 52 இலட்சம் ரூபா. வங்கியொன்றில் 31 வருடங்கள் வேலை செய்து, மற்றவர்களின் உறுதிகளையும் வாகனப் புத்தகங்களையும் புரட்டிப் பார்த்தே கடன் கொடுத்த நான், என் சேமலாப நிதிப் பணத்தை எடுத்து வைத்தபோது அந்தக் கண்ணை வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் ஓட்டை உடைசல்களுக்கும் விலை ஏறியிருந்ததை எல்லோரும் அறிவீர்கள். 2023 இறுதியில், கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையில் ஓரிடத்தில் ஒரு எம்.ஜி.பி.யும் ஒரு ட்ரையம்ப் ஸ்பிட்பயரும் விற்பனைக்கு நிற்பதாகத் தரகர் ஒருவர் மூலம் அறிந்து, என் மைத்துனரையும் அழைத்துக்கொண்டு போனேன். எம்.ஜி.பி. சிவப்பு நிறம், புதுப் பெயின்ற் கண்ணாடிபோல் மின்னியது. ஸ்பிட்பயர் மங்கிய பச்சை நிறம். இருக்கைத் தோல் கிழிந்து, துணிக்கூரை பழைய கோணிபோல் தொங்கியது. இரண்டும் வெவ்வேறு உரிமையாளர்களுடையவை என்றும், எதை எடுத்தாலும் தமக்கு ஒரே தரகுதான் என்றும் தரகர் சொன்னார். இரண்டுமே ஒரே ஆளுடையவை என்பது பல மாதங்களின் பின்னரே எனக்குத் தெரியவந்தது.

கார்களைக் காட்டும்போது தரகர் பொய்யில் தொடங்கவில்லை. ஸ்பிட்பயரைப் பற்றி அவர் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. அந்தக் காரின் முன்பகுதி முழுவதும் ஒரே மூடியாக முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். ஆகவே எஞ்சின் நல்ல வெளிச்சத்தில் கிடந்தது. என்னைக் குனிந்து முன்பக்கக் கப்பியைப் பார்க்கச் சொல்லிவிட்டு, உள்ளே இருந்த பையனைக் கிளச்சை மிதிக்கச் சொன்னார். கப்பி ஒரு அரிசியின் அளவுக்கு முன்னே வந்தது. காலை எடுத்ததும் பின்னே போனது. மீண்டும் மிதித்தான், மீண்டும் வந்தது. “த்ரஸ்ட் வாஷர் தேய்ஞ்சிட்டுது சேர். இதை மறைச்சி உங்களுக்கு வித்தா நாளைக்கு நான் உங்கட முகத்தில முழிக்க ஏலாது” என்றார். இந்த வகை எஞ்சின்களின் பெயர்பெற்ற குறையே அதுதான்: எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் தண்டை முன்பின் அசையாமல் தாங்கும் அந்த அரைவட்டத் தகடுகள் தேய்ந்து கீழே விழுந்துவிட்டால், தண்டே எஞ்சின் கட்டையை அராவத் தொடங்கிவிடும். இது 1296 சி.சி. கொண்ட மூன்றாம் மார்க், அதாவது மூன்றாவது வடிவம், என்றும், அதன் பின்சக்கரங்கள் வேகமாக வளைவில் திரும்பும்போது உள்ளே மடங்கப் பார்க்கும் என்றும் அவர் தொடர்ந்து சொன்னவையும் சரியானவையே. ஒரு காரின் குறைகளை இவ்வளவு நேர்மையாக அடுக்குகிற மனிதர் அடுத்த காரைப் பற்றி ஏன் பொய் சொல்லப்போகிறார் என்று நான் நினைத்தேன். அவர் எதிர்பார்த்ததும் அதையே.

எம்.ஜி.பி.யை 1965ஆம் ஆண்டுக் கார் என்றார், 1798 சி.சி., கிராங்க் தண்டை ஐந்து பெயரிங்குகள் தாங்கும் எஞ்சின் என்றார். 1964 பிற்பகுதியில்தான் மூன்று பெயரிங்குகள் ஐந்தாக மாறின என்பதால் கணக்கும் பொருந்தியது. சேஸிஸ் எண் GHN3 என்று தொடங்க வேண்டும் என்று நான் படித்திருந்தேன்; வாகனப் புத்தகத்தில் அப்படியே தொடங்கியது. எஞ்சின் எண் பதினெட்டு ஜி.பி. என்று தொடங்கியது, அதுவும் சரி. எஞ்சின் அறைச் சுவரில் அறையப்பட்டிருந்த தகட்டைப் புத்தகத்தோடு ஒப்பிட்டேன். எழுத்துக்கு எழுத்து ஒத்தது. தகடு பழையது, அதைப் பிடித்திருந்த ஆணிகள் மட்டும் புதியவை. அதை என் கண் பார்த்தது, மனம் பதிந்துகொள்ளவில்லை. எஞ்சினிலேயே உள்ள எண்ணைக் கேட்டபோது, எண்ணெய்ப் பிசுக்கில் மூடிக் கிடப்பதாகவும் கழுவியதும் தெரியும் என்றும் சொன்னார்.

“மச்சான், ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு நாளைக்கு வருவமே” என்று மைத்துனர் காதோடு சொன்னார். தரகருக்கு அது கேட்டிருக்க வேண்டும். தாராளமாகக் கூட்டி வரலாம், ஆனால் அடுத்த நாள் காலையில் கொழும்பிலிருந்து ஒருவர் பணத்தோடு வருகிறார் என்றார். நான் அன்றே 10 இலட்சம் முற்பணம் கொடுத்தேன், மூன்று நாளில் மீதியையும் கொடுத்தேன். பதிவு உரிமையாளர் கையொப்பமிட்ட மாற்றப் பத்திரம் என்று ஒன்றைத் தந்தார்கள். வாங்குபவரின் பெயரை வெறுமையாக விட்டு, நம்மூரில் “ஓப்பன் பேப்பர்” என்போமே, அதேதான். அந்த உரிமையாளரை நான் பார்க்கவும் இல்லை, அவரோடு பேசவும் இல்லை. வங்கியில் ஒருவர் இப்படி ஒரு பத்திரத்தோடு வந்திருந்தால் இருக்கச் சொல்லியிருக்கவே மாட்டேன்.

கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஏறக்குறைய 40 கிலோமீற்றர். கல்லாறு தாண்டி, களுவாஞ்சிகுடி தாண்டிக் கல்லடிப் பாலம் ஏறும்வரை கார் ஒழுங்காகவே ஓடியது, சிறுவர்கள் கையசைத்தார்கள், அந்த ஒரு மணி நேரச் சந்தோசம் உண்மையானது. மேட்டில் ஏறும்போது மட்டும் எதிர்பார்த்த இழுவை இல்லை.

மறுநாள் கல்லடியில் உள்ள வயதான மெக்கானிக் ஒருவரிடம் காட்டினேன். அவர் முதலில் மூடியைத் திறக்கவே இல்லை. பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தமொன்றைக் கொண்டுவந்து, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் ‘சில்’ (sill) என்ற அடிச்சட்டத்தில் வைத்தார். காந்தம் ஒட்டாமல் நிலத்தில் விழுந்தது. ஒரு சாண் தள்ளி வைத்தார்; விழுந்தது. மறுபக்கமும் அப்படியே. பிறகு ஜக்கைப் பக்கவாட்டில் கொடுத்து மெதுவாகத் தூக்கினார். சக்கரம் நிலத்தை விட்டு எழுவதற்கு முன்பே கதவுக்கும் உடலுக்கும் இடையில் இருந்த இடைவெளி மேல் மூலையில் சுருங்கி மறைந்தது. கதவைத் திறக்கப் பார்த்தேன், இறுகி நின்றது. எம்.ஜி.பி.க்குத் தனிச் சேஸிஸ், அதாவது உடலைத் தாங்கும் தனிச் சட்டகம், கிடையாது; உடலேதான் சேஸிஸ். அதன் முதுகெலும்பு அந்த இரண்டு சில்களும். அவை துருப்பிடித்துப் போய்விட்டால் கார் நடுவில் மடங்கத் தொடங்கும். ஒரு பக்கம் வாவியும் மறுபக்கம் கடலும் உள்ள நம் கரையில் அவை எவ்வளவு சீக்கிரம் போகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. என் காரில் அந்த இடத்தில் இரும்பே இல்லை. மீன்பிடிப் படகுகளுக்குப் பூசுகிற பைபர் துணியும் பசையும், அதன்மேல் பள்ளம் நிரப்பும் பட்டியும் (putty), அதன்மேல் அந்தச் சிவப்புப் பெயின்றும்தான் இருந்தன. அவர் சுரண்டிய இடத்திலிருந்து படகு வாடியின் நாற்றம் வந்தது.

இருக்கைகளுக்குப் பின்னால் பற்றறி வைக்கும் தட்டு உக்கி, அதற்குப் பதிலாகப் பலகைத் துண்டொன்று செருகப்பட்டிருந்தது. கடைசியாக, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் எஞ்சினின் பக்கத்தைத் துடைத்தார். எண் 16 என்று தொடங்கியது. அது 1622 சி.சி. எஞ்சின், ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் கார்களுக்கு வந்தது. இதுவும் எம்.ஜி.பி.யின் எஞ்சினும் ஒரே குடும்பத்தவை என்பதால் மேலிருந்து பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது.

“இது காரில்ல மனே, கார்ட சட்டை” என்றார் அவர்.

நாரஹேன்பிட்டியில் உள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் போனபோது மீதியும் விளங்கியது. எஞ்சின் மாற்றியதாக எந்தப் பதிவும் இல்லை. புத்தகம் உண்மையானது, ஆனால் அது எப்போதோ அழிந்துபோன வேறொரு எம்.ஜி.பி.யின் புத்தகம் என்றே நம்புகிறேன், ஏனெனில் தகட்டின் கீழே சுரண்டியபோது பழைய ஆணித் துளைகள் வேறிடத்தில் இருந்தன. கையொப்பமிட்டதாகச் சொல்லப்பட்ட உரிமையாளர், பத்திரத்தில் உள்ள திகதிக்கு முன்பே இறந்துவிட்டார் என்று அவருடைய உறவினர்கள் சொன்னார்கள். பொலிஸில் முறைப்பாடு பதிந்திருக்கிறேன். தரகரோ தாம் அறிமுகம் செய்துவைத்ததைத் தவிர வேறொன்றும் அறியேன் என்கிறார். பணம் வாங்கியவரின் தொலைபேசி இப்போது இல்லை. பெயர்களை இங்கே எழுதவில்லை, விசாரணை நடக்கிறது.

எனக்கு அதிகம் உறுத்துவது வேறொன்று. அந்தப் பச்சை ஸ்பிட்பயரை மட்டக்களப்பு இளைஞர் ஒருவர் நான் கொடுத்ததில் பாதிக்கும் குறைவான விலைக்கு வாங்கி, அதே மெக்கானிக்கிடம் கொண்டுவந்திருந்தார். தனிச் சேஸிஸ் உள்ள கார் என்பதால் உடலில் இருந்த துருவை வெட்டி ஒட்ட முடிந்தது. எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்பைக் கழற்றி, பின்பக்கப் பெயரிங் மூடியை இறக்கி, புது வாஷர்கள் இரண்டைச் செருகினார்கள். தண்டு நல்லவேளையாகக் கெடவில்லை. நான் அங்கே நின்றபோது அந்த இளைஞர் என்னைக் கூப்பிட்டுக் கப்பியைப் பார்க்கச் சொல்லிவிட்டுக் கிளச்சை மிதித்தார். அது அசையவில்லை.

என் கார் வீட்டுப் பின்புறத்தில் நான்கு கல்லின் மேல் நிற்கிறது. அது நீதிமன்றத்துக்குத் தேவைப்படலாம் என்பதால் விற்கவும் முடியாது, உடைக்கவும் முடியாது. யாராவது இதேபோல் ஒரு சிவப்புக் காருக்கு முற்பணம் கொடுக்க நினைத்திருந்தால், முதலில் வந்து இதன் கதவடிச் சில்லைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம். காந்தம் என்னிடமே இருக்கிறது.