காட்டுப்பூவரசா, அசேலியாவா, சீமைக் கலப்பினமா?

மூணாறு பக்கம் வாசலில் வைக்க ரோடோடென்ட்ரான் என்ற மலைப் பூச்செடியைக் கேட்டால், நர்சரியில் பெரும்பாலும் அசேலியாவைத்தான் எடுத்துக் கொடுக்கிறார்கள். அதை ஏமாற்று என்று சொல்ல முடியாது. 1753-இல் லின்னேயஸ் தனித்தனியாக வைத்த ரோடோடென்ட்ரான், அசேலியா என்ற இரண்டு பேரினங்களையும் பின்னால் வந்தவர்கள் ஒன்றாக்கிவிட்டார்கள். பெயர் ஒன்றானாலும் வளர்ப்பு வேறு.

இனம் பிரிக்க இலையைத் திருப்பிப் பாருங்கள். நம் மலை ரோடோடென்ட்ரானான காட்டுப்பூவரசின் இலை மேலே கரும்பச்சை, தோல் மாதிரித் தடிப்பு. அடியில் பழுப்பு ரோமம் அப்பியிருக்கும்; தடவினால் கம்பளியைத் தொட்ட மாதிரி இருக்கும். ஆனைமுடிச் சரிவுகளில் சோலைக்காட்டு ஓரம் முறுக்கிய கிளைகளோடு நிற்பது இதுதான். தென்னிந்தியாவில் தானாக வளரும் ஒரே ரோடோடென்ட்ரான் இது. நேபாளத்தின் தேசிய மலரும் இதே இனம்தான். நம்முடையது அதன் நீலகிரி உள்ளினம். அசேலியா இலை சின்னது, மெல்லியது. சீமைக் கலப்பினங்களில் பலவற்றுக்கு இலை பெரிதாக இருந்தாலும் அடிப்பக்கம் வழுவழுப்பாக இருக்கும். அவற்றின் சிவப்பே 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் இதே இனத்து இமயமலை மரத்தோடு கலப்புச் செய்து கிடைத்ததுதான். அந்தத் தாய்மரத்தின் உறவு இங்கேயே நிற்கும்போது கலப்பினத்தைத் தேடிப் போக எனக்கு மனம் வரவில்லை.

தொட்டியில், சீக்கிரம் பூ வேண்டும் என்றால் அசேலியாதான். குச்சி நட்டாலே வேர்விடும். பூ முடிந்ததும் நுனி கிள்ளலாம்.

காட்டுப்பூவரசுக்குப் பொறுமை வேண்டும். விதை தூள் மாதிரி. மண்ணைப் போட்டு மூடாமல் ஈரப்பாசிமேல் தூவ வேண்டும். பூக்கப் பத்து வருஷம்கூட ஆகலாம். தேயிலைக்கு ஏற்ற புளிப்பு மண் இதற்கும் ஏற்றது. ஆனால் வேர் மயிர்போல மேலாகவே ஓடுவதால் மண்வெட்டி படக் கூடாது. சருகு மூடாக்கு போதும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். என் முதல் கன்றைச் சிமெண்ட் சுவரை ஒட்டி வைத்திருந்தேன். மழையில் சுண்ணாம்பு இறங்கி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்க இலையெல்லாம் மஞ்சளாகிப் போனது. இரண்டாவதைச் சுவரிலிருந்து ஆறடி தள்ளி, வேர்க்கட்டி தரைமட்டத்துக்குச் சற்று மேலே நிற்கும்படி வைத்தேன். அது தழைத்து நிற்கிறது.

மூன்றின் இலையுமே ஆடுமாட்டுக்கு விஷம். லயத்துப் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) பக்கம் வைப்பவர்கள் வேலி போட்டுவிடுங்கள். இரவிகுளம் தேசியப் பூங்காவிலிருந்து கன்று பிடுங்கி வருவது குற்றம். விதையிலிருந்து வளர்த்த கன்றா என்று நர்சரியில் கேட்டே வாங்குங்கள்.